பள்ளியில் புகைத்தடுப்பு வகுப்பு: பலன் இருந்ததா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

அறிவியல் ஆசிரியை, சென்னை:
எங்கள் பள்ளியில் வருடாவருடம் ஒருநாள் நிகழ்ச்சி நடக்கும். கறுத்த நுரையீரல் படம், உறுதிமொழி, கடைசியில் ஒரு வினாத்தாள். பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சரியாகவே விடை எழுதிவிடுவார்கள். "நிகழ்ச்சி வெற்றி" என்று அறிக்கை போய்விடும். போன முறை "நீ புகைத்ததுண்டா?" என்றும் கேட்டார்கள். தாளின் தலைப்பில் பெயர், வகுப்பு, பிரிவு. பெஞ்சுகளுக்கு நடுவே வகுப்பாசிரியர் நடந்துகொண்டிருக்கிறார். எந்தப் பையன் "ஆமாம்" என்று டிக் அடிப்பான்? அதே வாரம் கழிப்பறை ஜன்னல் திட்டில் அணைத்த சிகரெட் துண்டுகள், பக்கத்திலேயே புதினா மிட்டாய்த் தாள்கள். மனசு ஆறவில்லை.

கணக்கெடுப்புக்குப் போகிறவர், கோவை:
டீச்சர், முதலில் அந்தப் பெயர்க் கட்டத்தை எடுக்கச் சொல்லுங்கள். நாங்கள் ஆசிரியர்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, தாளை உறையில் போட்டு ஒட்டி வாங்குவோம். அப்போதுதான் பிள்ளைகள் மனம் திறந்து எழுதுகிறார்கள்.

அப்புறம், ஒப்பிட்டுப் பார்க்க வகுப்பே நடக்காத பள்ளிகளும் வேண்டும். 2004 முதல் 2006 வரை சென்னையிலும் டெல்லியிலும் 32 பள்ளிகளில் 'மைத்ரி' திட்டத்தை அப்படித்தான் சோதித்தார்கள். மாணவர்களே தலைமையேற்று நடத்திய வகுப்புகள், சுவரொட்டிகள், பெற்றோருக்கு அஞ்சல் அட்டை என்று இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. திட்டம் நடக்காத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68% கூடியது. நடந்த பள்ளிகளில் 17% குறைந்தது. பழக்கம் தொற்றுகிற வயதில் அது கூடாமல் இருப்பதே பெரிய பலன். ஒரே பள்ளியைப் பார்த்தால் அது கண்ணுக்குத் தெரியாது.

நீண்ட நாள் நடத்தினாலே போதும் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 40 பள்ளி மாவட்டங்களைப் பிரித்து, பாதியில் மட்டும் 3ஆம் வகுப்பில் தொடங்கி ஆண்டுக்கணக்கில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தார்கள். 12ஆம் வகுப்பில், சொல்லிக்கொடுத்த இடங்களிலும் கொடுக்காத இடங்களிலும் ஏறக்குறைய கால்வாசிப் பேர் தினமும் புகைத்தார்கள். அந்த முடிவை ஒளிக்காமல் 2000-இல் வெளியிட்டார்கள் பாருங்கள், அந்த நேர்மை நம் அறிக்கைகளுக்கும் வர வேண்டும்.

ஒரு அப்பா, திருச்சி:
என் மகன் கேட்டான்: "உள்ளே வேண்டாம்னு சொல்றாங்க, வாசல்லயே விக்கிறாங்களேப்பா?" பள்ளியிலிருந்து 100 கஜத்துக்குள் விற்கக் கூடாது என்று 2003 சட்டமே இருக்கிறது. ஆனாலும் எதிர்ப் பெட்டிக்கடையில் சில்லறை சிகரெட்; பற்றவைக்கத் தீக்கயிறும் தொங்குகிறது. பெற்றோர் சேர்ந்து மனு கொடுத்தோம். கயிறு போய்விட்டது, சிகரெட் இன்னும் கிடைக்கிறது. திட்டத்தை மதிப்பிட வருகிறவர்கள் வகுப்பறையோடு திரும்பிவிடாமல் அந்தக் கடையையும் எட்டிப் பார்க்க வேண்டும். உங்கள் ஊரில் யாராவது அப்படிப் பார்த்தார்களா?