விழுங்கிய பிறகு திரும்பி வரும் இனிப்புக்கு ஒரு சொல் வேண்டும் (வியாழன் இரவுக்குள்)

சின்ச்சுவிலிருந்து, திங்கள் காலை

குழுவினருக்கு வணக்கம்.

வருகிற சனிக்கிழமை இங்கே தைவானின் சின்ச்சுவில் தமிழ்க் குடும்பங்கள் சில சேர்ந்து குளிர்கால ஊலாங் தேநீர் குடிக்கப் போகிறோம். ஆராய்ச்சி மாணவர்கள், சிப் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்கள், ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அப்பா அம்மாக்கள் என்று கலவையான கூட்டம். பெரியவர்களுக்காகத் தமிழில் நாலு பக்கக் கையேடு ஒன்று தயார் செய்கிறேன். வியாழன் இரவு அச்சுக்குப் போயாக வேண்டும்.

நான்கு தேயிலை வைத்திருக்கிறோம். வென்ஷான் பாவ்ச்சோங், லூகு ஊரின் தோங்திங், ஆலிஷான் மலைத் தேயிலை, பக்கத்திலுள்ள பெய்ப்பூவின் ‘கீழை அழகி’. முதல் மூன்றும் இந்தக் குளிர்காலத்தில் பறித்தவை. கீழை அழகி மட்டும் கோடைப் பறிப்பு. தத்துப்பூச்சி கடித்த கொழுந்தில்தான் அந்தத் தேன் வாசனை ஏறும். பூச்சி பெருகுவது கோடையில்.

மற்றதெல்லாம் ஒருவாறு தமிழில் வந்துவிட்டது. ஒரே சொல்லில் நிற்கிறேன். சீனத்தில் ‘ஹுவேய்கான்’. ‘ஹுவேய்’ திரும்புதல், ‘கான்’ இனிமை. ஒரு வாய் குடிக்கிறோம். நாக்கில் லேசான கசப்பு, கூடவே கொஞ்சம் துவர்ப்பு. விழுங்குகிறோம். சில நொடி ஒன்றுமே இல்லை. அப்புறம் நாக்கின் அடியிலிருந்தும் தொண்டையிலிருந்தும் ஓர் இனிப்பு மெல்ல ஏறி வருகிறது. சர்க்கரை ஒரு துளி கிடையாது. அடுத்த வாய் குடிக்கும்வரை அப்படியே நிற்கிறது. இங்குள்ளவர்கள் நல்ல தேயிலையை மெச்சும்போது இதைச் சொல்லாமல் விடமாட்டார்கள்.

‘பின்சுவை’ என்று எழுதிப் பார்த்தேன், போதவில்லை. பின்சுவை கசப்பாகவும் இருக்கலாமே. உங்கள் பரிந்துரை வேண்டும்.

மதுரையிலிருந்து, திங்கள் மாலை

அன்புள்ள தம்பி, இதற்கு ஏன் இவ்வளவு தயக்கம்? ‘மீளினிப்பு’. வினைத்தொகை. மீண்ட இனிப்பு, மீள்கின்ற இனிப்பு, மீளும் இனிப்பு என மூன்று காலமும் கரந்து நிற்கும். சீனத்தின் இரண்டு உறுப்புகளும் தமிழில் இரண்டு உறுப்புகளாகவே அமைந்துவிட்டன.

இன்னொன்றும் கவனியுங்கள். ‘இன்’ என்ற வேரிலிருந்து இனிமை, இனிப்பு, இனிது வருகின்றன. ‘இனி’ என்னும் காலச்சொல்லும் அங்கிருந்தே பிறந்தது என்பது என் நெடுநாள் கருத்து. இனி வருவது எதுவோ அது இனியது. அப்படியானால் இனிப்பு என்ற சொல்லுக்குள்ளேயே ‘பிறகு வருவது’ என்ற பொருள் உறைந்திருக்கிறது. தீம், தேம், தேன் என்ற இன்னொரு வரிசையையும் இதனோடு ஒப்பிட்டு விரிவாக எழுத எண்ணம்.

கோத்தகிரியிலிருந்து, திங்கள் இரவு

புலவர் ஐயாவுக்கு வணக்கம். தேயிலை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் ஆலை ஆட்களிடம் மீளினிப்பு என்றால் விளங்காது. ‘நெல்லி இனிப்பு’ என்றால் மறுகேள்வி கேட்கமாட்டார்கள். நெல்லிக்காயைக் கடித்துவிட்டுத் தண்ணீர் குடித்தால் இனிக்குமே, அதுதானே தம்பி சொல்வது? சின்ச்சுவுக்கு வந்திருக்கும் அம்மாக்களுக்கு ஒரு நொடியில் பிடிபடும்.

நீலகிரியிலும் டிசம்பர் முதல் உறைபனி மாதங்களில் பறிக்கும் தேயிலைக்குத் தனி மணம் உண்டு. இலை மெதுவாக வளரும், கொழுந்து குறைவாகக் கிடைக்கும், விலை அதிகம். ஆகவே குளிர்காலப் பறிப்பின் அருமை எங்களுக்குத் தெரியும்.

கையேட்டில் ஊலாங்கை எப்படிச் சொல்லியிருக்கிறீர்கள்? ‘பாதி நொதித்த தேயிலை’ என்றுதானே?

சென்னையிலிருந்து, செவ்வாய் காலை

‘பாதி நொதித்த’ வேண்டவே வேண்டாம். வேதியியல் கற்பிக்கிறவளாகக் கேட்டுக்கொள்கிறேன். நொதித்தலுக்கு நுண்ணுயிர் வேண்டும். தோசை மாவில் நடப்பது அது. ஊலாங்கில் இலையின் ஓரங்கள் நசுங்கி, இலைக்குள்ளேயே இருக்கும் நொதி வெளிப்பட்டு, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு பாலிபீனால்கள் வினைபுரிகின்றன. பாவ்ச்சோங்கில் இது கொஞ்சமாக நடக்கிறது, கீழை அழகியில் பாதிக்கு மேல். ‘பகுதி ஆக்சிஜனேற்றம்’ என்பதே சரி.

குளிர்கால இலை ஏன் மென்மை என்பதையும் ஒரு வரி சேர்க்கலாம். வெயில் படப்பட, இலையிலுள்ள தியானின் என்ற அமினோ அமிலம் குறைந்து, துவர்ப்புத் தரும் கேட்டசின் கூடும். குளிரில், மேகமூட்டத்தில் அந்த மாற்றம் மந்தமாகிறது. அதனால் துவர்ப்பு அடங்கி இனிமை தெரிகிறது.

கோத்தகிரியிலிருந்து, செவ்வாய் காலை

அம்மா, ஆலையில் நாங்கள் நாள் முழுக்கச் சொன்னது பர்மெண்டேஷன்தான். சீனரும் அதே பொருளில்தான் சொல்கிறார்கள் என்று கேள்வி. உலகமே தவறாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போது நாம் மட்டும் திருத்தினால் யாருக்குப் புரியும்?

தஞ்சாவூரிலிருந்து, செவ்வாய் மதியம்

ஒரு சின்னக் குறுக்கீடு. பள்ளிப் பாடநூலில் ‘என்சைம்’ என்பதற்கே நொதி என்றுதான் இருக்கிறது. நொதி செய்யும் வேலை நொதித்தல் என்று ஒருவர் பிரித்துப் பொருள் கொண்டால், ஊலாங்கில் நடப்பதற்கு அது பொருந்தத்தான் செய்யும். அறிவியல் வரையறையில் தவறு, சொல்லமைப்பில் தவறில்லை. தமிழில் மட்டுமே வரக்கூடிய சிக்கல் இது.

அப்புறம், நெல்லிக்கு. கோத்தகிரி அண்ணா சொன்னது குறுந்தொகையிலேயே இருக்கிறது. 262ஆம் பாட்டில் தோழி தலைவியிடம், ‘நெல்லி தின்ற முள்ளெயிறு’ விளங்க நீ அவனோடு போய், யானையின் அடிச்சுவட்டில் தேங்கிய நீரைக் குடிப்பதை எண்ணினேன் என்கிறாள். சேற்றுத் தண்ணீரும் இனிக்கும், ஏனென்றால் முன்னால் நெல்லி தின்றிருக்கிறாள். உடன்போக்கின் துன்பத்தையும் அதற்குப் பிறகு வரும் இன்பத்தையும் ஒரே காயில் வைத்துவிட்டார் பாலை பாடிய பெருங்கடுங்கோ.

ஆனால் புலவர் ஐயாவின் ‘இனி’க்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. ஒலி ஒத்துப்போவதால் மட்டும் வேர் ஒன்றாகிவிடாது.

சின்ச்சுவிலிருந்து, செவ்வாய் இரவு

நெல்லி என்றதும் தேடிப் பார்த்தேன். நமது பெருநெல்லிக்குச் சீனத்தில் ‘யூகான்சி’ என்று பெயர். ‘யூ’ எஞ்சியிருப்பது, ‘கான்’ அதே இனிமை. எஞ்சிய இனிமை உடைய காய்! ஹுவேய்கானில் உள்ள அதே ‘கான்’. தின்ற பிறகு நிற்கும் இனிப்பை வைத்தே காய்க்குப் பெயரிட்டிருக்கிறார்கள். எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆகவே என் கை நெல்லிப் பக்கம் சாய்கிறது. ‘நெல்லினிப்பு’ என்று ஒட்டி எழுதலாமா?

மதுரையிலிருந்து, புதன் அதிகாலை

கூடாது. நெல் + இனிப்பு = நெல்லினிப்பு. தனிக்குறில் முன் ஒற்று உயிர்வரின் இரட்டும். நீங்கள் எழுதியது அரிசிப் பாயசத்துக்குப் பொருந்தும். நெல்லி + இனிப்பு என்றால் யகர உடம்படுமெய் வந்து ‘நெல்லியினிப்பு’ ஆகும். அது கடையில் விற்கும் தேன்நெல்லியைத்தான் நினைவூட்டும்.

உவமையைக் கலைச்சொல்லாக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. நாளை நெல்லியே பார்க்காத பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? மீளினிப்புக்கு அந்தச் சிக்கல் இல்லை. சொல்லே பொருளைச் சொல்லிவிடும்.

சிங்கப்பூரிலிருந்து, புதன் காலை

‘ஊறினிப்பு’ எப்படி? உமிழ்நீர் ஊறி வரும் இனிப்பு. சொல்லும்போதே வாயூறுகிறது.

சின்ச்சுவிலிருந்து, புதன் காலை

அக்கா, சொல் அழகுதான், ஆனால் அதை இதற்குத் தர முடியாது. இங்கே மூன்றைத் தனித்தனியாகப் பிரிக்கிறார்கள். குடித்ததும் நாக்கின் ஓரங்களில் நீர் சுரப்பது ஒன்று, அதற்கு ‘ஷெங்ஜின்’. பிறகு இனிமை திரும்புவது ஹுவேய்கான். தொண்டைக்குள் மணமும் வழுவழுப்பும் தங்கி நிற்பது ‘ஹோவ்யுன்’. தோங்திங்கைப் புகழ்பவர்கள் இந்த மூன்றாவதைத்தான் பெரிதாகப் பேசுவார்கள். முதலாவதற்கு ‘ஊறல்’ என்று வைத்துவிட்டேன். மூன்றாவதற்கு ‘தொண்டை நிறைவு’ என்று இப்போதைக்கு எழுதியிருக்கிறேன்.

இன்னொரு சின்ன உதவி. சிறிய கெண்டியில் ஊற வைத்ததை நேராகக் கிண்ணங்களில் ஊற்றினால் முதல் கிண்ணம் நீர்த்தும் கடைசிக் கிண்ணம் கடுத்தும் இருக்கும். அதனால் முழுவதையும் முதலில் ஒரு மூக்குவைத்த குவளையில் வடித்துவிட்டு, அதிலிருந்து எல்லோருக்கும் ஊற்றுவார்கள். அந்தக் குவளையின் சீனப் பெயருக்கு ‘நியாயக் குவளை’ என்று பொருள். இதற்கும் ஒரு சொல் தாருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து, புதன் காலை

‘சமன்குவளை’. 118ஆம் குறளின் ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்’ துணை நிற்கும். விருந்தினர் எல்லோருக்கும் ஒரே சுவை போக வேண்டும் என்பதற்காகவே ஒரு பாத்திரம் செய்து வைத்திருக்கிறார்களே, பெரிய மனசு.

கோத்தகிரியிலிருந்து: சமன்குவளை, சரி.

மதுரையிலிருந்து: ஏற்கிறேன்.

சிங்கப்பூரிலிருந்து: மிக நன்று.

யாழ்ப்பாணத்திலிருந்து, புதன் மாலை

எல்லாருக்கும் வணக்கம். இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருந்தேன். நாங்கள் துவர்ப்பைக் ‘கயர்’ என்போம். வாழைக்காய் கயர்க்கும், முற்றாத பழம் கயர்க்கும், சாயம் கூடிய தேத்தண்ணியும் கயர்க்கும். பனங்கட்டியைக் கடித்துக் கடித்து வெறும் தேத்தண்ணி குடிக்கிற எங்களுக்கு, கயர்ப்புக்குப் பின்னால் இனிப்பு வந்தால் எப்படி இருக்கும் என்று நல்லாகத் தெரியும். தம்பி சொல்கிற தேயிலையில் அந்தப் பனங்கட்டி வேலையை இலையே செய்துவிடுகிறது போல.

புலவர் ஐயா, கோத்தகிரி அண்ணா, இருவருக்கும் பொதுவாக ஒன்று கேட்கிறேன். ‘மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்காயும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்’ என்ற பழமொழி எல்லா ஊரிலும் இருக்கிறதுதானே? அதிலேயே சொல் இருக்கிறது. பின்னே இனிப்பது ‘பின்னினிப்பு’. நெல்லி வெளியில் தெரியாமல் உள்ளே இருக்கும்.

சென்னையிலிருந்து, புதன் இரவு

பின்னினிப்புக்கு என் ஆதரவு. வகுப்பில் சொன்னால் விளக்கவே வேண்டாம். மீளினிப்பில் எனக்கு ஒரு தடை உண்டு: மீள்வதற்கு அது ஏற்கெனவே ஒருமுறை வந்து போயிருக்க வேண்டும். இங்கே முதலில் வந்தது கசப்பு, இனிப்பு அல்லவே.

மதுரையிலிருந்து, புதன் நள்ளிரவு

அம்மா, சீனரும் ‘திரும்புதல்’ என்றுதானே சொல்கிறார்கள்? அவர்கள் தர்க்கம் தெரியாமலா சொன்னார்கள்? விழுங்கித் தொலைவுக்குப் போன பானம், இனிப்பாக உருமாறி மீள்கிறது. இந்த அசைவு பின்னினிப்பில் இல்லை. ‘பின்’ வெறும் வரிசையைச் சொல்கிறது, வருகையைச் சொல்லவில்லை.

மேலும் பின் + இனிப்பு என்பதைப் ‘பின்னுதல்’ என்ற வினையோடு சேர்த்து, பின்னிய இனிப்பு என்றும் ஒருவர் படிக்கக்கூடும்.

தஞ்சாவூரிலிருந்து, வியாழன் காலை

அப்படி யாரும் படிக்கமாட்டார்கள் ஐயா.

நான் வேறொன்றை எழுப்ப நினைக்கிறேன். ‘குளிர்காலத் தேயிலை’ என்பது துல்லியம்தானா? தைவானில் அந்தப் பறிப்பு பெரும்பாலும் அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் முற்பாதிவரை என்றால், அது நமது ஐப்பசி, கார்த்திகை. அதாவது கூதிர். மார்கழி, தையில் வருவது முன்பனி. ஆகவே ‘கூதிர்த் தேயிலை’. கூதிரில் பறித்து முன்பனியில் குடிக்கிறீர்கள். சின்ச்சுவில் இந்தப் பருவத்தில் வடகிழக்குக் காற்று பலமாக வீசும் என்றும் கேட்டிருக்கிறேன். நம் வாடையேதான்.

சின்ச்சுவிலிருந்து, வியாழன் மதியம்

காற்று பலமாகத்தான் வீசுகிறது. இங்கே அந்தக் காற்றில்தான் சீமைப்பனிச்சம்பழத்தையும் அரிசிச் சேமியாவையும் உலர்த்துவார்கள். குளிர்காலப் பறிப்பு முடிந்த பிறகும் துளிர்க்கும் கொஞ்சக் கொழுந்தைத் தை மாதம்வரை பறிப்பதும் உண்டு, ‘தோங்பியென்’ என்பார்கள். உங்கள் கணக்கில் அது முன்பனித் தேயிலை. ஆசையாக இருக்கிறது, ஆனால் கூதிர் என்றால் எங்கள் அம்மாக்களுக்கு அகராதி வேண்டியிருக்கும். ‘குளிர்காலத் தேயிலை’யே இருக்கட்டும்.

இன்று இரவு அனுப்புகிறேன். இதுவரை பின்னினிப்புக்குச் சென்னை, யாழ்ப்பாணம், தஞ்சாவூர், சிங்கப்பூர். மீளினிப்புக்கு மதுரை. நெல்லிக்குக் கோத்தகிரி. வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் எட்டு மணிக்குள் சொல்லுங்கள்.

சிங்கப்பூரிலிருந்து, வியாழன் மதியம்

ஊறினிப்பை நான் கைவிட்டதாக எங்கும் சொல்லவில்லை. ஆனாலும் சரி, பின்னினிப்பே போகட்டும்.

சின்ச்சுவிலிருந்து, வியாழன் இரவு

அனுப்பிவிட்டேன். இரண்டாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது:

“சுருண்டிருக்கும் தேயிலை ஆறு கிராம், சிறிய கெண்டி, நன்றாகக் கொதித்த நீர். ஒரு நிமிடத்துக்குள் சமன்குவளையில் வடித்துவிடுங்கள். மூடியைத் திறந்து பார்த்தால் மிளகளவு உருண்டைகள் அவிழத் தொடங்கியிருக்கும். மூன்றாம் முறை ஊற்றும்போது காம்போடு முழு இலையாக விரிந்து கெண்டியை நிறைத்துவிடும். அதே இலையில் ஐந்தாறு முறை தாராளமாக ஊற்றலாம். விழுங்கிய உடனே பேசாமல் கொஞ்சம் பொறுங்கள். நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்ததுபோல் தொண்டையில் வருவது பின்னினிப்பு.”

ஆளுக்கு ஒரு வாய்க்குத்தான் வரும் என்பதால் பெரியவர்கள் கேட்டால் தனியாக ஒரு பெரிய கெண்டியும் வைத்திருக்கிறோம். மீதித் தேயிலையைப் பொட்டலம் கட்டி, ஊருக்குப் போகிறவர்கள் கையில் கொடுத்தனுப்ப எண்ணம். முகவரி தனிமடலில் அனுப்புங்கள்.

கோத்தகிரியிலிருந்து, வியாழன் இரவு

நெல்லி உள்ளே வந்துவிட்டது, எனக்கு அது போதும். தோங்திங் ஒரு பொட்டலம் எனக்கு.

மதுரையிலிருந்து, வெள்ளி அதிகாலை

என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள். மறுபதிப்பு வரும்போது அடைப்புக்குள்ளாவது மீளினிப்பு இடம்பெற வேண்டும். இன், இனி, இனிமை பற்றிய கட்டுரையை அடுத்த வாரம் தனி இழையில் தொடங்குகிறேன். தஞ்சாவூர்த் தம்பி அதற்கு முன் முடிவு கட்ட வேண்டாம்.

சென்னையிலிருந்து, வெள்ளி காலை

எல்லாம் சரி. மூன்றாம் பக்கத்தில் ‘பாதி நொதித்த’ போயிருக்கிறதா, ‘பகுதி ஆக்சிஜனேற்றம்’ போயிருக்கிறதா? அதற்கு யாருமே பதில் சொல்லவில்லையே.