சயாம் மரண ரயில்பாதை: தமிழர் படங்களைத் தேட உதவி வேண்டும்

வணக்கம். 1942–43இல் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து)–பர்மா ரயில்பாதையில் வேலை செய்த மலாயாத் தோட்டத் தமிழர்களின் படங்களைத் தேடுகிறேன். ஆஸ்திரேலியப் போர் நினைவகம், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் இரண்டின் இணையத் தொகுப்புகளிலும் அதே பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகளின் படங்கள் நிறைய வருகின்றன. நம்மவர்கள் சிக்குவதுதான் அரிது. படக்குறிப்பு எழுதியவருக்கு அவர்கள் பெரும்பாலும் வெறும் 'கூலி' அல்லது 'ஆசியத் தொழிலாளி' தானே! வேறு எந்தச் சொற்களைப் போட்டுத் தேடலாம்? பான்போங், காஞ்சனபுரி, தன்பியூசயாட் என்று அந்தப் பாதையில் இருந்த ஊர்களின் பெயர் வழியாகப் போனால் கிடைக்குமா? சிங்கப்பூர், மலேசியத் தேசிய ஆவணக் காப்பகங்களில் தேடியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? அப்புறம், அச்சுக்கு ஏற்ற பெரிய பிரதி வாங்க எப்படி விண்ணப்பிப்பது, கட்டணம் உண்டா என்றும் சொல்லுங்கள். 1945இல் போர் முடிந்தபின் முகாம்களில் எடுத்த படங்களானாலும் சரி.