புதுப்பிப்பு: அப்பாவின் ரிமோட் பிழைத்துவிட்டது

போன வாரம் கேட்டிருந்தேனே, பேட்டரி மாற்றியும் அப்பாவின் டிவி ரிமோட்டில் ஒலியைக் கூட்டும் பொத்தானும் 1, 5 எண்களும் வேலை செய்யவில்லை என்று. சரியாகிவிட்டது. யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. அந்தப் பழைய மாடல் ரிமோட் சுங்கை சிப்புட் கடைகளில் கிடைக்கவில்லை, அதனால் நானே திறந்து பார்த்தேன்.

கைப்பேசியின் முன்பக்கக் கேமராவில் பார்த்தேன். மற்ற பொத்தான்களை அழுத்தினால் ரிமோட் முனையில் ஊதா வெளிச்சம் மின்னியது. இந்த மூன்றுக்கும் இல்லை. அப்போதே புரிந்தது, கோளாறு பொத்தானுக்கு அடியில்தான்.

பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பில் விட்டு நெம்பித் திறந்தேன். உள்ளே ஒரே எண்ணெய்ப் பிசுக்கு. கை அழுக்கு மட்டுமில்லை, பொத்தான்கள் உள்ள அந்த ரப்பர் விரிப்பே நாளாக நாளாக எண்ணெய் கசியும். ரப்பரைச் சோப்புத் தண்ணீரில் கழுவி ஒரு ராத்திரி காயவைத்தேன். அதன் அடியிலிருந்த மின்சுற்றுப் பலகையை ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் துடைத்தேன். 1, 5 வந்துவிட்டன.

ஒலிப் பொத்தான் மட்டும் மசியவில்லை. அதன் அடியில் மின்சாரத்தைக் கடத்தும் கரிப்பொட்டு தேய்ந்து வழவழவென்று ஆகியிருந்தது. சமையலறை அலுமினியத் தாளைத் துவரம்பருப்பு அளவுக்கு வெட்டி அதன்மேல் ஒட்டினேன். பசை ஊசிமுனை அளவுதான். தாளின் வெளிப்பக்கம் வழிந்தால் மின்சாரம் பாயாது.

அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். நேற்று இரவு தமிழ்ச் செய்திக்கு அவரே ஒலியைக் கூட்டிக்கொண்டார்.