குளிரில் ஸ்டார்ட் ஆனதும் உதறும் டீசல் இன்ஜின்: எங்கிருந்து தேடுவது?

கேள்வி:
நான்கு சிலிண்டர் காமன் ரெயில் (எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் வகை) டீசல் கார். ராத்திரி 2, 3 டிகிரி குளிரில் நின்றால், காலையில் செல்ஃப் அடித்ததும் பிடித்துக்கொள்கிறது. ஆனால் முதல் ஒரு நிமிடம் மிஸ் அடித்து வண்டியே உதறுகிறது. வெள்ளைப் புகை, கண் எரிகிற டீசல் நெடி. சூடானதும் சரியாகிவிடும். டீசல் ஃபில்டர் புதிது. சிலிண்டருக்குள் டீசல் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்றச் சொல்கிறார் மெக்கானிக். தேவையா?

பதில் 1:
இப்போதைக்கு வேண்டாம். அந்த நெடியோடு வரும் வெள்ளைப் புகை எரியாத டீசல்தான். டீசல் உள்ளே போகிறது, பற்றவில்லை. முதல் சந்தேகம் ஹீட்டர் பிளக், அதாவது குளிரில் ஒவ்வொரு சிலிண்டரையும் கரண்ட்டால் சூடாக்கும் பிளக். நான்கில் ஒன்று செத்தாலும் மற்ற மூன்றும் இன்ஜினை ஓட வைத்துவிடும். அந்த ஒரு சிலிண்டர் சூடேறும்வரைதான் உதறல்.

சாவியை எடுத்துவிட்டு, பிளக்குகளின் ஒயரைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஒரு கம்பி பிளக் தலையில், இன்னொன்று இன்ஜின் பிளாக்கில். பெரும்பாலும் 0.5 முதல் 2 ஓமுக்குள் வரும். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவு காட்ட வேண்டும். அளவே காட்டாதது செத்த பிளக். மீட்டர் கம்பிகளுக்கே 0.2, 0.3 ஓம் இருக்கும், இரண்டையும் முட்டவைத்துப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள். பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய வித்தை வேண்டாம். புது வண்டிகளில் குறைந்த வோல்ட் பிளக்குகள் உண்டு, நொடியில் எரிந்துபோகும்.

பதில் 2:
கழற்றும்போதுதான் ஆபத்து. கார்பன் பிடித்த பிளக் பாதியில் முறிந்தால் சிலிண்டர் ஹெட்டையே இறக்க வேண்டியிருக்கும். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, இன்ஜின் நல்ல சூட்டில் இருக்கும்போது திருப்புங்கள். 10 மி.மீ. மரை என்றால் 35 நியூட்டன் மீட்டருக்கு மேல் போகாதீர்கள். அசையவில்லையா, மறுபடி எண்ணெய், மறுபடி சூடு. புதியதைக் கையாலேயே முழு மரையும் ஏற்றிவிட்டு, பிறகு மேனுவலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள்.

பதில் 3:
பிளக் நான்கும் நன்றாக இருந்தால் அவற்றுக்குக் கரண்ட் விடும் சுவிட்சான ரிலேவிலிருந்து கரண்ட் வருகிறதா பாருங்கள். அடுத்தது கூலன்ட் டெம்பரேச்சர் சென்சார். காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் ஸ்கேனரில் அது காட்டுவதும் வெளிக்குளிரும் ஒத்துப்போக வேண்டும். 3 டிகிரியில் 40 என்று காட்டினால், இசியு (இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர்) பிளக்குகளை வேண்டிய நேரம் சூடாக்காது.

டீசல் லைனில் ஏர் எடுத்தால் செல்ஃப் நீண்ட நேரம் சுற்றும், குளிரில் டீசலில் உள்ள மெழுகு உறைந்தால் ஓடும்போது இழுவை போகும். இரண்டும் உங்கள் கதை இல்லை. இதற்குப் பிறகுதான் இன்ஜெக்டர், அதையும் கழற்றாமல் ஒவ்வொன்றும் திருப்பி அனுப்பும் டீசலின் (ரிட்டர்ன்) அளவை ஒப்பிட்டே பார்க்கலாம். சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படும் அளவை, அதாவது கம்ப்ரெஷனைப் பார்ப்பது கடைசி. பழைய பம்ப் வண்டி மாதிரி ஓடும்போது இன்ஜெக்டர் பைப் நட்டைத் தளர்த்தவே கூடாது: ஆயிரம் பாருக்கு மேல் போகிற அழுத்தம், பீய்ச்சும் டீசல் தோலுக்குள் இறங்கிவிடும்.

கேட்டவர்:
மூன்று 0.8 ஓம், ஒன்று அளவே காட்டவில்லை. அதை மட்டும் மாற்றினால் போதுமா?

பதில் 1:
உதறல் நின்றுவிடும். ஆனால் நான்கும் ஒரே வயது என்றால் நான்கையும் மாற்றுங்கள்.