புதுப்பிப்பு: மியாட்டாவுக்கு 6 கியர் பாக்ஸ், கூடவே 3.636 டிஃப்

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. 1995 மாடல் 1.8 லிட்டர் மாஸ்டா மியாட்டா காரில் 5 கியர் பாக்ஸை எடுத்துவிட்டு 6 கியர் போட்டால் நெடுஞ்சாலையில் இரைச்சல் குறையுமா என்று கேட்டிருந்தேன்.

பாக்ஸை மட்டும் மாற்றினால் குறையாது. பழைய 5ஆவது கியரின் விகிதம் 0.814, புதிய 6ஆவது 0.843 (எண் கூடினால் அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகம் சுழல வேண்டும்), அதாவது பழைய 4.1 விகித டிஃப்போடு (டிஃபரன்ஷியல், பாக்ஸுக்கும் சக்கரங்களுக்கும் இடையிலுள்ள கடைசி கியர் தொகுப்பு) ஓட்டினால் ஆர்பிஎம், அதாவது இன்ஜின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை, இன்னும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும். டிஃப்பையும் சேர்த்து மாற்று, 3.636 போடு என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் வேலை செய்தது. இப்போது அதே வேகத்தில் ஆர்பிஎம் சுமார் 8 சதவீதம் குறைவு, ஆனாலும் முதல் கியர் 3.760 என்பதால் கிளம்பும்போது இழுவை முன்பைவிடக் கூடுதல்தான். நடு கியர்கள் நெருங்கி இருப்பது வளைவுச் சாலையில் தனி சுகம்.

எதிர்பாராதது ஸ்பீடோமீட்டர். அது பாக்ஸிலிருந்து கேபிளில் ஓடுவதால், டிஃப் மாறியதும் நிஜமாக 100 போகும்போது 89 காட்டுகிறது. அதற்கேற்ற பல் எண்ணிக்கையில் ஸ்பீடோ கியர் தேடிக்கொண்டிருக்கிறேன், அதுவரை போனில் ஜிபிஎஸ்.