12 வயது பொமரேனியன் நாய்க்கு இதயத்தில் மர்மர்: எக்கோவுக்காகச் சென்னை வரை அலைக்கழிக்கலாமா?

ஸ்ரீரங்கத்து அக்கா:
வணக்கம். எங்கள் பொம்மிக்கு வரும் தையில் 12 முடிகிறது. பொமரேனியன், ஆறு கிலோ. அப்பா வாங்கி வந்த குட்டி. அப்பா போய் மூன்று வருடமாகிறது, இன்றும் சாயங்காலம் ஐந்தரை ஆனால் கேட் பக்கம் போய் உட்கார்ந்துவிடுவாள்.

ஒரு மாதமாக ராத்திரி இரண்டு மணிக்கு மேல் இருமல். தொண்டையில் எலும்பு சிக்கியதுபோல் கழுத்தை நீட்டிக்கொண்டு இருமுவாள். வாந்திதான் எடுக்கப் போகிறாள் என்று பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடுவேன். கொஞ்சம் வெள்ளை நுரை வரும், அவ்வளவுதான். போன வாரம் மாடிப்படி ஏறும்போது ஏழாவது படியில் நின்று திரும்பி என்னைப் பார்த்தாள். குட்டியாக இருந்தபோதுகூடத் தூக்கச் சொல்லி நின்றவள் இல்லை.

இங்குள்ள டாக்டர் ஸ்டெத் வைத்துப் பார்த்தார். மர்மர் (இதயத் துடிப்போடு சேர்ந்து வரும் இரைச்சல்) கேட்கிறது, ஆறு நிலைகளில் மூன்றாவது நிலை, இதய வால்வு பழுதாகியிருக்கலாம், எக்ஸ்ரேயும் எக்கோவும் (இதயத்துக்கான ஸ்கேன்) எடுத்தால்தான் தெரியும் என்கிறார். எக்கோவுக்குச் சென்னை போகச் சொல்கிறார். இவள் ஆட்டோவில் ஏறினாலே நடுங்குகிறவள். வீட்டில் 'வயசாச்சு, விடு' என்கிறார்கள். எனக்கு விட மனசு வரவில்லை. இதைப் பார்த்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

டாமி அம்மா, மதுரை:
அக்கா, மற்றதெல்லாம் அப்புறம். இன்று ராத்திரி அவள் அசந்து தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து மூச்சை எண்ணுங்கள். விலா ஏறி இறங்கினால் ஒன்று. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். பொதுவாக நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். திரும்பத் திரும்ப எண்ணியும் அதற்கு மேலேயே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம், விடியட்டும் என்று இருக்காதீர்கள். எண் குறைவாக இருந்தாலும் மூச்சுக்குத் திணறினால், மயங்கினால், ஈறு நீலம் பாய்ந்தால் உடனே கிளம்பிவிடுங்கள்.

டாமிக்கு தினமும் காலண்டர் தாளில் எழுதி வைப்பேன். 22, 24, 22. ஒரு ஞாயிற்றுக்கிழமை 42. தூங்குகிற பிள்ளையைப் பார்த்தால் ஒன்றுமே தெரியவில்லை, அந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. அன்றே நீரை இறக்கும் ஃபுரோசமைடு ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது மாதம் எங்களோடு இருந்தான்.

பழைய வண்ணாரப்பேட்டை:
எக்கோவைப் பற்றிப் பயப்படாதீர்கள். எங்கள் ஸ்பிட்ஸை வேப்பேரி கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போனோம். மயக்க மருந்து எதுவும் கொடுக்கவில்லை. பக்கவாட்டில் படுக்க வைத்து ஜெல் தடவிப் பார்த்தார்கள், நான் தலையைத் தடவிக்கொண்டே நின்றேன்.

ஆனால் முதலில் திருச்சியிலேயே எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். பொமரேனியனுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து அமுங்கினாலும் விடாத இருமல் வரும். மர்மர் ஒரு பக்கம் இருக்க, இருமலுக்குக் காரணம் அதுவாகவும் இருக்கலாம். இதயம் பெரிதாகியிருக்கிறதா என்பதும் எக்ஸ்ரேயில் ஓரளவு தெரியும். அதுதான் முக்கியம். மர்மர் மட்டும் இருந்து இதயம் பெரிதாகவில்லை என்றால் பெரும்பாலும் மருந்தே ஆரம்பிக்க மாட்டார்கள். பெரிதாகியிருந்தால் இதயம் நன்றாகச் சுருங்கி விரிய உதவும் பிமோபென்டான் மருந்து கொடுப்பார்கள். இந்த வால்வு நோயில் இதயம் பெரிதாகி, ஆனால் இன்னும் செயலிழக்காத நாய்களுக்கு அதைக் கொடுத்தபோது, இதயச் செயலிழப்பு சராசரியாக 15 மாதம் தள்ளிப்போனதாக 2016இல் ஒரு பெரிய ஆய்வு வந்தது. அக்கா, 12 வயது நாய்க்கு 15 மாதம் சின்ன விஷயமா? சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் வெறும் வயிற்றில் கொடுக்கச் சொல்வார்கள்.

கழுத்துப் பட்டை மூச்சுக்குழாயை அமுக்கும், அதை இன்றே கழற்றி, நெஞ்சில் மாட்டும் ஹார்னெஸ் வாங்கிவிடுங்கள்.

முத்துநகர்:
அப்பளம், கருவாடு, ஊறுகாய் சோறு என்று உப்பு அதிகமுள்ளதெல்லாம் நிறுத்துங்கள். நீர் இறங்க மாத்திரை ஆரம்பித்தால் அடிக்கடி மூத்திரம் போவாள், தண்ணீர்க் கிண்ணத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள். எங்கள் நாய்ப் பையன் ஹாலில் மூத்திரம் போய்விட்டான் என்று ஒருநாள் அதட்டிவிட்டேன். காதை மடக்கிக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். இன்னும் மறக்க முடியவில்லை.

ஸ்ரீரங்கத்து அக்கா:
எல்லோருக்கும் நன்றி. இப்போது மணி மூன்று. மூன்று தடவை எண்ணினேன்: 26, 28, 26. கை நடுங்கியதில் முதல் தடவை தப்பாக எண்ணியிருக்கலாம். வியாழக்கிழமை எக்ஸ்ரேக்குச் சொல்லிவிட்டேன். அப்பா சாப்பிடும்போது தினமும் பாதி அப்பளம் போடுவார், அந்தப் பழக்கத்தை நானும் விடாமல் வைத்திருந்தேன். நாளையிலிருந்து இல்லை. படுக்கையையும் கீழே கூடத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன், அவளுடையது, என்னுடையது இரண்டும்.