சிக்னலில் நின்றால் மட்டும் எஞ்சின் சூடாகிறது, ஹெட்டைப் பிரிக்கத்தான் வேண்டுமா?

குரோம்பேட்டைவாசி:

வணக்கம். என்னுடையது 2012 மாடல் சின்ன பெட்ரோல் கார், 1.2 லிட்டர், 84,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஒரு மாதமாக இதே தொல்லை. காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் பல்லாவரத்திலிருந்து ஊர்ந்து போகும்போது டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கும். கத்திப்பாரா வருவதற்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிடும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வரை எண்பதில் போய் வந்தேன், முள் பாதியைத் தாண்டவே இல்லை.

மெக்கானிக் முதலில் எஞ்சினைக் குளிர்விக்கும் கூலண்ட் திரவத்தை மாற்றினார், அப்புறம் சூடேறியதும் அதை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வு. 4,300 ரூபாய் ஆயிற்று. இப்போது கூலண்ட் டப்பாவில் குமிழி வருவதைப் பார்த்துவிட்டு, எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் (கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டைப் பிரித்து ஃபேசிங் போட வேண்டும், அதாவது அதன் அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க வேண்டும், 18,000 ஆகும் என்கிறார். வாரம் இரண்டு நாள் அம்மாவை டயாலிசிஸுக்கு இந்தக் காரில்தான் கூட்டிப் போகிறேன். போன செவ்வாய்க்கிழமை அவரை ஒரு கடைத் திண்ணையில் உட்காரவைத்துவிட்டு, பானட்டைத் திறந்து போட்டபடி அரை மணி நேரம் நின்றேன். இன்னொரு முறை அவருக்கு அந்தக் கஷ்டம் வரக் கூடாது. செலவு செய்யத் தயார்தான். செய்த பிறகும் சூடானால்?

சிக்னலில் ஏசியும் குளிர்வதில்லை. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறேன்.

கோவை டாக்ஸி:

தெர்மோஸ்டாட்டையே கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். எங்கள் ஸ்டாண்டில் சில பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள். நடுவழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, புளோயரையும் முழுதாகத் திருப்புங்கள். வண்டிக்குள் உட்கார முடியாதுதான், ஆனால் எஞ்சின் சூடு கொஞ்சம் இறங்கும். ஓரமாக நிறுத்த அந்த நேரம் போதும்.

பழைய வயர்மேன்:

தம்பி, ஹெட்டில் கை வைக்க விடாதீர்கள். கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்களே, சிக்னலில் ஏசி குளிர்வதில்லை என்று, அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஏசியின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரும், கூலண்டின் சூட்டை வெளியே விடும் ரேடியேட்டரும் ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை. சின்ன கார்களில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே ஃபேன். வேகமாக ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால் ஃபேன்தான் இழுத்துத் தர வேண்டும். நின்றால் இரண்டுமே கெடுகின்றன, ஓடினால் இரண்டுமே சரியாகின்றன என்றால் ஃபேன் சுற்றவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெர்மோஸ்டாட் அடைத்துக்கொண்டிருந்தால் செங்கல்பட்டுப் பயணத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். வாட்டர் பம்ப்பும் அப்படித்தான்.

நாளைக் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து ஏசியைப் போடுங்கள். சில நொடிகளில் ஃபேன் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் ஃபியூஸைப் பாருங்கள். ஃபேனுக்குக் கரண்ட் திறந்துவிடும் ரிலேயின் எண்ணே போட்ட இன்னொரு ரிலே ஃபியூஸ் பெட்டியில் இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அசையவில்லையா, எஞ்சினை அணைத்து ஃபேன் கனெக்டரைக் கழற்றி, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் போட்ட தடித்த வயரில் நேராக 12 வோல்ட் கொடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் மோட்டார்தான். ஏசி போட்டால் சுற்றி, சூடானால் மட்டும் சுற்றவில்லை என்றால் டெம்பரேச்சர் சென்சர் பக்கம் போக வேண்டும். இதைச் செய்யும்போது கை, துணி எதையும் ஃபேன் அருகே கொண்டுபோகாதீர்கள். எப்போது சுற்றத் தொடங்கும் என்று சொல்ல முடியாது.

குமிழியை வைத்து மட்டும் கேஸ்கட் என்று சொல்லிவிட முடியாது. அளவுக்கு மீறிச் சூடானால் எந்த வண்டியிலும் கொதிக்கத்தான் செய்யும். ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததுமே விடாமல் குமிழி வருகிறதா, சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரி படிந்திருக்கிறதா, இதையெல்லாம் பாருங்கள். ரேடியேட்டர் மூடியையும் பாருங்கள். 0.9 (பார் அழுத்தம்) என்று போட்ட மூடி சரியாக அழுத்தம் பிடித்தால் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 118 டிகிரி வரை கொதிக்காது. ரப்பர் தேய்ந்திருந்தால் அதற்கு முன்னாலேயே கொதித்துவிடும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே வேண்டாம். முகம் வெந்து போனவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

டாக்ஸித் தம்பி சொன்ன ஹீட்டர் வழி நல்ல வழி. தெர்மோஸ்டாட்டைக் கழற்றுவது மட்டும் வேண்டாம். எஞ்சின் வேலைச் சூட்டுக்கு வராமலே ஓடும், பெட்ரோலும் கூடுதலாகக் குடிக்கும்.

குரோம்பேட்டைவாசி:

அண்ணா, நீங்கள் சொன்னபடியே பார்த்தேன். ஏசி போட்டும் ஃபேன் அசையவில்லை. ஃபியூஸ், ரிலே இரண்டும் சரி. பக்கத்துத் தெரு எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு நேராக 12 வோல்ட் கொடுத்தோம், அப்போதும் அசையவில்லை. அவர் ஸ்க்ரூடிரைவர் பிடியால் மோட்டாரின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டியதும் சுற்றத் தொடங்கிவிட்டது! கழற்றிப் பார்த்தால் மோட்டாருக்குள் கரண்டைக் கடத்தும் கார்பன் துண்டு தேய்ந்து நகம் அளவுதான் மிச்சம். கனெக்டரின் ஒரு முனை பழுப்பாக உருகியிருந்தது. ஆயில் மூடி சுத்தம், காலையில் குமிழியும் இல்லை.

உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புது மோட்டார் வாங்கி, கனெக்டரையும் மாற்றினோம். கூலியோடு 3,650 ரூபாய். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே பஞ்சுபோல் தூசி அடைந்திருந்தது, அதையும் தண்ணீர் அடித்து எடுத்தார். இன்று எஞ்சின் சூட்டை எண்ணில் காட்டும் ஓபிடி கருவியை மாட்டிக்கொண்டு ஓட்டினேன். பல்லாவரம் நெரிசலில் 97 டிகிரியில் ஃபேன் ஓடியது, 92-க்கு இறங்கியதும் நின்றது. கத்திப்பாராவில் அம்மா ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

எலெக்ட்ரீசியன் ஒரு யோசனை சொன்னார். சாவி போட்டாலே ஃபேன் சுற்றும்படி டைரக்ட் கொடுத்துவிடலாமாம். செய்யலாமா?

பழைய வயர்மேன்:

வேண்டாம் தம்பி. தேவையில்லாத நேரத்திலும் சுற்றினால் புது மோட்டாரின் கார்பனும் சீக்கிரம் தேயும், ஆல்டர்னேட்டருக்கும் சுமை. கம்பெனி வயரிங்கே இருக்கட்டும். ஒரு மாதமாகக் கொதித்த வண்டி, அதனால் ஒரு வாரம் தினமும் காலையில் ஆறிய எஞ்சினில் கூலண்ட் மட்டத்தைப் பாருங்கள். குறைந்துகொண்டே போனால், எவ்வளவு என்று அளந்து இங்கே எழுதுங்கள். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படியும்.